கொதித்தாறிய தண்ணீர்

"கிணத்துக்குள்ளை என்ன போடுறியள்?"

ஞானாம்பிகையின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அவ்வளவு பயம் அதில்...

கிணற்றுப் பக்கம் எட்டிக் குனிந்து நின்றவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கையிலிருந்த நூல் நழுவியது. நூலின் நுனியில் தொங்கிய போத்தல் 'தொபுக்'கென்று தண்ணீருக்குள் விழுந்தது. நல்ல மழை. அவன் தலைமயிரிலிருந்து நீர் வழிந்து கண்ணுக்குள் இறங்க, சிமிட்டிச் சிமிட்டி அவளைப் பார்த்தான். நஞ்சு போட வந்தவனுக்கு இவ்வளவு பெரிய கண்கள் எதற்கு என்று ஒரு நினைப்பு ஓடியது. வந்த வேகத்திலேயே அதை விரட்டினாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு மாரிக்காலம் அது. கோப்பாயில் வீட்டுக்கு வீடு நெருப்புக் காய்ச்சல். உடம்பு கிழமைக்கணக்கில் கொதிக்கும், குடல் புண்ணாகும், பிறகு ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காய்ச்சலோடு ஒரு கதையும் பரவியிருந்தது. பட்டினத்திலிருந்து யாரோ காய்ச்சலைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து கிணறு கிணறாக விடுகிறார்களாம். யார் கண்டது, எங்கே கண்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. பயந்த ஊருக்கு அதெல்லாம் எதற்கு? இப்போது அந்தக் கதையே நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு அவள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறது.

"போடேல்லை... எடுக்க வந்தனான்," என்றான் அவன். "படலையிலை நிண்டு கனநேரம் கூப்பிட்டன். மழையிலை கேக்கேல்லைப் போலை."

"எதை எடுக்க?"

"தண்ணி. ஒரு போத்தல் தண்ணி."

"அப்ப போத்தல் ஏன் உள்ளுக்கை கிடக்கு?"

"நீங்கள் கத்தினதாலை."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பயமும் விடவில்லை.

சத்தம் கேட்டுத் தாய் சிவக்கொழுந்து, தலையில் சுளகைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் தன்னைப் பற்றிச் சொன்னான். பெயர் கனிசியஸ். கொழும்பில் வைத்தியம் படிக்கிறான். மாரிக்கு மாரி யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சல் ஏன் திரும்பித் திரும்பி வருகிறது என்று ஆராய, அவனுடைய பேராசிரியரோடு ஒரு கூட்டம் வந்து பட்டினத்தில் வீடெடுத்துத் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு சின்னத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கிணற்றுத் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது அவன் வேலை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் கேட்டே ஆகவேண்டிய கேள்வியைச் சிவக்கொழுந்து கேட்டாள். "தம்பி எவடம்?"

"குருநகர்."

தாயின் கண்கள் மெல்லக் கீழிறங்கி அவன் கால்களுக்குப் போயின. ஞானமும் அப்போதுதான் கவனித்தாள். அவன் கிணற்றைச் சுற்றியிருந்த சீமெந்துத் தளத்தில் ஏறவில்லை. வெளியே சேற்றில் நின்றபடியே, கையை மட்டும் நீட்டி நூலை விட்டிருக்கிறான். கடற்கரைப் பிள்ளை, அதிலும் வேதக்காரன், மேல்சாதிக் கமக்காரர் வீட்டுக் கிணற்றில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தான். கொழும்பில் எத்தனை தடிப்புத்தகம் படித்தாலும் ஊருக்குள் வந்தால் இந்தப் பாடத்தை மறக்கமுடியாது பாருங்கள்.

தம்பி கஷ்டப்படத் தேவையில்லை, மகள் அள்ளித் தருவாள் என்றாள் தாய். மரியாதையாகத்தான் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். காது மட்டும் கறுத்தது.

சைக்கிளில் கட்டியிருந்த பெட்டியிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்து, எட்ட நின்று வகுப்பு நடத்தினான். சுற்றியிருக்கும் கடதாசியை நிரப்பும்போதுதான் உரிக்க வேண்டும். வாயில் விரல் படக்கூடாது. கழுவக்கூடாது. நிரப்பி உடனே மூட வேண்டும்.

"கிருமி இருந்தா என்ன செய்வியள்?" என்று கேட்டாள் ஞானம்.

அவள் ஆவலாய்க் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டான் பாவி. உற்சாகமாகச் சொன்னான். கிணற்றை மூடுவோம், இறைப்போம், சிவப்பு மருந்து போடுவோம். எந்தக் கிணற்றில் எத்தனை காலமாகக் கிருமி இருந்திருக்கும், போன வருஷங்களில் அந்த வீட்டில் யார் யாருக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் விசாரித்துப் பொருத்திப் பார்ப்போம்...

ஞானம் திரும்பிக் கிணற்றைப் பார்த்தாள்.

முந்தின வருஷ மாரியில் அவளுடைய தம்பி சண்முகநாதன் இதே காய்ச்சலில்தான் போனான். தகப்பன் ஏரம்பு தெற்கே காலி நகரத்தில் சுருட்டுக்கடையோடு இருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையின் பக்கத்தைவிட்டு அசையாமல் இருந்தவள் தாய்தான். அவன் தாகம் தாகம் என்று கேட்கக் கேட்க, இந்தக் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் வைத்துக்கொண்டு பருக்கினாள். எங்கடை தண்ணி ஒண்டும் செய்யாது மோனை, குடி... நல்லூர்த் திருவிழாவில் எதையோ வாங்கித் தின்றுதான் காய்ச்சல் பிடித்தது என்று ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நல்லூருக்கே போகவில்லை. அந்தப் பிடியில்தான் அவள் உயிர் நிற்கிறது என்று ஞானத்துக்குத் தெரியும். இந்தப் போத்தல் வேறு கதை சொன்னால்?... அம்மா தாங்கமாட்டாள்.

துலாவை இழுத்து வாளியில் அள்ளினாள். மழைத்துளி போத்தலுக்குள் விழும், உள்ளே கொண்டுபோய் நிரப்பி வருகிறேன் என்றாள். அவன் மறுத்திருக்க வேண்டும். மறுக்க வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து அவள் குசினி வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்... மழைக்குள்ளால் ஒரு பார்வை. கெஞ்சுகிற பார்வை. அவன் வாய் மூடிக்கொண்டது.

உள்ளே அடுப்படியில் கேத்திலில் காலைக் கோப்பிக்குக் கொதிக்கவைத்து மிஞ்சிய தண்ணீர் ஆறிப்போய் இருந்தது. வாயில் விரல் படாமல், கழுவாமல், அவன் சொல்லித்தந்தபடி ஒன்றும் பிசகாமல்... அந்தத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பி மூடினாள்.

வாங்கும்போது அவன் சொன்னான், "கை நடுங்குது."

"குளிர்."

"உங்கடை கிணறு நல்லதா வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது... வரவேணுமெண்டு ஒரு விருப்பம்."

ஐஸும் மரத்தூளும் நிறைந்த பெட்டியில் போத்தலைப் படுக்கவைத்து, மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். அவள் படலையைப் பிடித்தபடி நின்றாள். நெஞ்சு படபடத்தது. பாதி பயம்... மற்றப் பாதி என்னவென்று அவள் தன்னிடமே கேட்கவில்லை.

அடுத்த கிழமை வெயில் எறித்தது. அவன் வந்தான். முகமெல்லாம் வெளிச்சம். ஒழுங்கையிலுள்ள மற்றக் கிணறுகள் எல்லாவற்றிலும் கிருமி கண்டதாம். அவள் தந்த போத்தலில் ஒன்றுமே முளைக்கவில்லையாம். இந்த ஒழுங்கையில் குடிக்கக்கூடிய தண்ணீர் இந்த ஒரு கிணற்றில்தான் என்றான்.

சிவக்கொழுந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிள்ளை செத்த நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். என்ரை பிள்ளை என்ரை கையாலை சாகேல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் இத்தனை நாளும் அதே பயத்தைத்தான் வயிற்றுக்குள் வைத்திருந்தாள் என்பது ஞானத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

தாயைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடியவில்லை... தாய் எழுந்து போய்ப் படலையை அகலத் திறந்தாள். இந்த மாரி முழுக்க ஒழுங்கைச் சனம் எல்லாரும் எங்கடை கிணற்றில் அள்ளட்டும் என்றாள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டது. குடம் குடமாக வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பராசக்தி தன் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கிணற்றடியிலேயே கையில் ஏந்திக் குழந்தைக்குப் பருக்கினாள். கொதிக்கவைத்துக் குடியுங்கோ என்றாள் ஞானம். டொக்டர்ப் பொடியனே நல்ல தண்ணியெண்டு சொல்லிப்போட்டான், உனக்கென்ன விசர் என்று சிரித்தார்கள். ஒரு நாள் தாய் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து ஞானம் துலாக்கொடிக் கயிற்றை அரிவாளால் அறுத்துவிட்டாள். எலி கடித்திருக்கும் என்று சொல்லி மத்தியானத்துக்கிடையில் தாய் புதுக்கொடி கட்டிவிட்டாள். குடங்கள் வந்துகொண்டே இருந்தன.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாய் திறந்தால் தாயின் முகம் தெரியும்... இந்த இரண்டு மூன்று கிழமையாக அந்த முகத்தில் வந்திருக்கிற அமைதி தெரியும். போதாக்குறைக்கு இன்னொரு முகமும்.

அவனும் வந்துகொண்டிருந்தான். விழுந்த போத்தலை எடுக்க வந்தனான் என்பான். வேலிக்கரையில் நின்று கிணற்றைப் பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பான்.

"அது அடியிலை கிடக்கு. ஒருத்தரும் எடுக்கேலாது," என்பாள் அவள்.

"கிடக்கட்டும். அது கிடந்தால்தானே நான் வரலாம்."

அவன் போனபிறகு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுக்கச் சிரிப்பாள். சிரித்த வாயோடே பயம் வந்து நிற்கும். இந்தக் கண்கள் என்னைப் பார்ப்பது நான் உண்மையான பிள்ளை என்று நம்பித்தானே... தெரிந்தால்? அவனுடைய படிப்பு, அவனுடைய ஆராய்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலே பொய்யை ஊற்றி மூடியவள் நான் என்று தெரிந்தால், இந்தப் பக்கம் சைக்கிள் திரும்புமா?

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. பராசக்தியின் மகளுக்கு உடம்பு சுடுகிறது என்று சொன்னார்கள். கனிசியசுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் நீர்வேலியில் எங்கேயோ நின்றவன், எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்து வேர்த்து விறுவிறுத்து வந்தான். பராசக்தி கிணற்றடிக்குத் தூக்கிவந்த குழந்தையைப் பார்த்தான். நாக்கைப் பார்த்தான், வயிற்றைத் தொட்டான். இன்னும் ஒன்றும் சொல்லமுடியாது, நாளைக்கும் பார்ப்போம் என்றான். வழக்கம்போலச் சேற்றில், தளத்துக்கு வெளியே நின்றான்.

கிணற்றடியில் குடங்களோடு பெண்கள். சிவக்கொழுந்து அவன் வேர்த்த முகத்தைப் பார்த்தாள். தானே துலாவை இழுத்தாள். உள்ளே போய் ஒரு பித்தளைச் செம்பை எடுத்துவந்தாள். சண்முகநாதனுக்குப் பருக்கிய செம்பு... அவன் போனபிறகு ஒருவரும் தொடாத செம்பு. அதில் நிறையத் தண்ணீர் வார்த்துக் கனிசியஸ் கையில் கொடுத்தாள்.

"குடி தம்பி."

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேற்று ஆளுக்குச் சிரட்டையில் வார்க்கிற வீடு அது. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அவன் கண் கலங்கியதை ஞானம் குசினி வாசலிலிருந்து கண்டாள். செம்பு மெல்ல மேலே போனது... உதட்டுக்குக் கிட்டப் போனது...

அவள் எப்படி ஓடினாளோ அவளுக்குத் தெரியாது. ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் அவன் சட்டையெல்லாம் சிந்தியது. செம்பு தளத்தின் விளிம்பில் அடிபட்டு, நசுங்கி, உருண்டு போய்க் குடங்களுக்கு நடுவே நின்றது.

பிறகு ஒருத்தி மெல்ல, பிள்ளை செய்ததிலையும் ஒரு நியாயம் இருக்குத்தானே, எங்கடை செம்பெல்லோ என்றாள்.

கனிசியஸ் ஈரச் சட்டையைக் கையால் துடைத்தான். அவளைப் பார்க்கவில்லை. "பரவாயில்லை," என்றான். "நான் வாங்கியிருக்கக் கூடாது." திரும்பிப் படலையை நோக்கி நடந்தான்.

தாய் கையை ஓங்கிக்கொண்டு நின்றாள். ஞானத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சாதித்திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு அவன் போய்விடுவான். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மாவின் அமைதி அப்படியே இருக்கும்... பராசக்தி காய்ந்த உதட்டோடு கிடந்த குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, மற்றக் கையால் குடத்தைச் சரித்துத் தண்ணீர் ஏந்தினாள்.

"குடுக்காதையுங்கோ அக்கா!"

எல்லாரும் திரும்பினார்கள். அவனும் நின்றான்.

"போத்தலிலை தந்தது கிணத்துத் தண்ணியில்லை," என்றாள் ஞானம். குரல் உடைந்து உடைந்து வந்தது. "கேத்தில் தண்ணி. கொதிச்சு ஆறின தண்ணி. நான்தான் மாத்தினனான். இந்தத் தண்ணியிலை என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன் மோனை?" என்றாள் தாய். அவளுக்கு விளங்கவில்லை.

"தம்பிக்கு நீங்கள் பருக்கினது இதுதானேயம்மா..."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. சிவக்கொழுந்து கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சரிந்து இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஞானத்துக்குப் பயம் குறைந்திருக்கும்.

கனிசியஸ் திரும்பி வந்தான். ஞானத்தைக் கடந்து போய், தளத்துக்கு வெளியே, தாய்க்கு நேரே சேற்றில் குந்தினான்.

"அம்மா... எனக்கொரு தங்கச்சி இருந்தவ. அருமைநாயகி. அவவும் உப்பிடித்தான் போனவ. எங்கடை அம்மாதான் தண்ணி பருக்கினவ. போன மாசம் அந்தக் கிணத்தை நான்தான் சோதிச்சனான். முழுக்கக் கிருமி. கிணத்தை மூடுவிச்சுப்போட்டன். ஏனெண்டு அம்மாவுக்குச் சொல்லேல்லை. ஏதோ சாட்டுச் சொன்னனான். என்னாலை சொல்லேலாமல் போச்சு."

ஞானம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுடைய வயிற்றிலும் அதே பொய்.

வெகு நேரத்துக்குப் பிறகு சிவக்கொழுந்து எழுந்தாள். நசுங்கிய செம்பைப் பொறுக்கி முந்தானையால் துடைத்தாள். குடங்களை எல்லாம் கவிழ்க்கச் சொன்னாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஏறி வா தம்பி. செய்யவேண்டியதை நீயே செய்."

அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தளத்தில் ஏறினான். தன் கையால் துலாவை இழுத்தான். போத்தலை நிரப்பி மூடினான். ஒழுங்கைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கிணற்றில் கிருமி இருந்தது.

நெருப்புக் காய்ச்சல் உடனே காட்டாது. உள்ளே இருந்து, நாளெடுத்துத்தான் தலைகாட்டும். அந்த நாட்களை ஞானம் எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். விடிந்ததும் வீடு வீடாகப் போய் நெற்றி தொட்டுப் பார்ப்பாள். சில வீட்டில் பேசினார்கள். சில வீட்டில் முகத்தைத் திருப்பினார்கள். அதற்காக அவள் ஒரு வீட்டையும் விடவில்லை. கேத்திலும் பானையுமாகத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சுமந்தாள். பராசக்தியின் மகளுக்கு வெறும் மழைக்காய்ச்சல் என்று தெரிந்த அன்று, வேலிக்கரையில் குந்தி ஏங்கி ஏங்கி அழுதாள். ஒழுங்கையில் இரண்டு பேர் படுக்கையில் விழுந்தார்கள். இரண்டு பேரும் எழும்பினார்கள். அது அவளுடைய நல்ல காலம், வேறென்ன சொல்ல?

தாய் அவளோடு பேசவில்லை. ஒருநாள் அவள் அடுப்பு ஊதும்போது பின்னால் வந்து நின்றாள். "பிள்ளை தண்ணி கேட்டான்... நான் குடுத்தன்," என்றாள். அவ்வளவுதான். மகளின் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் ஒன்றாக அழுதார்கள். மறுநாள் கனிசியஸ் குருநகருக்குப் போய்த் தன் தாய்க்கும் சொன்னான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அவளும் அழுதாளாம், பிறகு மகனுக்குச் சோறு போட்டாளாம்.

மார்கழித் தூறலில் அவன் கடைசியாக வந்தான். ஆராய்ச்சி முடிந்து கூட்டம் கொழும்புக்குத் திரும்புகிறது. தாய் உள்ளே போய்விட்டாள். வேண்டுமென்றே போனாளோ என்னவோ...

"உங்களுக்குப் பேச்சு விழுந்ததாமே," என்றாள் ஞானம். "பிழை என்ரையெண்டு ஏன் பேராசிரியருக்குச் சொல்லேல்லை?"

"பிழை என்ரைதான். போத்தலிலை இருந்து கண்ணை எடுக்கக் கூடாது. முதல் நாள் படிப்பிக்கிற பாடம் அது."

"எடுத்தியளோ?"

"நீங்கள் குசினி வாசலிலை நிண்டு திரும்பிப் பாத்தியள். பேந்து போத்தல் எங்கை, நான் எங்கை..."

அவள் நிலத்தைப் பார்த்தாள். மெல்ல முந்தானைக்குள் இருந்து எதையோ எடுத்தாள். கிணறு இறைத்தபோது அடிச்சேற்றில் அகப்பட்ட போத்தல். நூல்கூட இன்னும் வாயில் சுற்றியிருந்தது.

"கிடைச்சிட்டுது. இனி வாறதுக்குச் சாட்டு இல்லை."

அவன் அதை வாங்கவில்லை. "சாட்டில்லாமல் வரக்கூடாதோ?"

மழை கூடியது. அவள் உள்ளே ஓடிப்போய்ச் செம்போடு வந்தாள். நசுங்கிய அதே செம்பு. முதலில் தான் ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள். கொதித்தாறிய தண்ணீர்... அவன் வாங்கும்போது விரல் பட்டது.

"அப்பு பொங்கலுக்குக் காலியிலை இருந்து வாறார்," என்றாள் மெதுவாக.

"அப்ப நானும் பொங்கலுக்கு வாறன். அவரோடை கதைக்க."

"அவர் அம்மா மாதிரியில்லை."

"தெரியும்."

செம்புக்குள் தண்ணீர் அசைந்தது.

"கை நடுங்குது," என்றாள் அவள்.

"குளிர்."

"பொய்."

"ஓம், பொய். பயமாக்கிடக்கு ஞானம். அவர் இல்லையெண்டு சொல்லிப்போட்டா நான் என்ன செய்வன் எண்டு பயமாக்கிடக்கு."

அவள் நிமிர்ந்தாள். இத்தனை மாதமும் ஒளித்துவைத்த கண்களை ஒளிக்காமல் அவன் முகத்தில் வைத்தாள்.

"எனக்கும்தான்," என்றாள். "வாங்கோ. நான் படலையைத் திறந்து வைச்சிருக்கிறன்."

அவன் ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்தான்.